பிஸ்கட் பெட்டியில் வரைந்த கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு இரண்டு எதிரிகள் இருந்தார்கள். ஒன்று மூடுபனி, இன்னொன்று நான். மூடுபனியைப் பற்றி மட்டும்தான் எல்லாரும் கவலைப்பட்டார்கள்.

அது தோட்டத்து இளைஞர் மன்றம் வாங்கிய பழைய இயந்திரம். "டவுன் பிள்ளைங்க மட்டுந்தான் கத்துக்கணுமா? நம்ம ஆளுங்களும் தட்டிப் பாக்கட்டும்லா" என்று மன்றத் தலைவர் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பேசினார். அவர் லோரி ஓட்டுநர். மேட்டில் ஏறும் லோரியின் குரல் அவருக்கு. பணம் சேர்க்கப் பெண்கள் பிரிஞ்சாங் ஊர்ச் சந்தையில் வடை சுட்டு விற்றார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே என்று, தோட்டப் பள்ளி வாத்தியாரான என்னை ஈப்போவுக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று நாளில் நான் ஐயம் திரிபறக் கற்றது, எந்தக் கடையில் கோழிச்சோறு நன்றாக இருக்கும் என்பதைத்தான்.

திரும்பி வந்த அன்று மன்ற அறையில் தனியாக உட்கார்ந்து என் பெயரை அடித்துப் பார்த்தேன். பழைய தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கை. முதல் எழுத்தை ஓங்கி அழுத்தி விரலை எடுக்காமல் இருந்தேன். அதே எழுத்து திரை முழுக்க எறும்பு வரிசைபோல ஓடியது. ஊர் சுட்ட வடையெல்லாம் வீணாய்ப் போயிற்று என்று பயந்து, அணைத்துப் பூட்டிவிட்டு ஓடினேன். மறுநாள்தான் புரிந்தது: தொட்டவுடன் விரலை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை யாரிடமும் சொல்லவில்லை. நிபுணன் எறும்புக்குப் பயந்து ஓடினான் என்று எப்படிச் சொல்வது?

அதன் பிறகு இயந்திரத்துக்கு வெல்வெட் உறை வந்தது. சாவி என் இடுப்பில். செருப்போடு வரக்கூடாது, ஈரத் தலையோடு வரக்கூடாது. ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று, திருநீறு உள்ளே விழாமல் காவல் காத்தேன். யாராவது பெரியவர்கள் வந்தால் திறந்து, விளக்கெரிவதைக் காட்டி, மூடுவேன். நாய் பெற்ற தெங்கம்பழம் என்று வகுப்பில் பழமொழி நடத்தும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் இருமல் வரும்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். கொழுந்து எடுக்கிறவள், சந்தையில் வடை சுட்டவர்களில் ஒருத்தி. தொழிற்சாலை ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் வரப்போகிறதாம், தட்டத் தெரிந்த ஒருவரைப் பொங்கல் கழித்து எடுப்பார்களாம்.

"மழையில நிக்காத வேலை சார். எனக்கு அது போதும்" என்றாள்.

அவள் விரல்களைப் பார்த்தேன். "கையில கொழுந்துக் கறை இருக்கேம்மா."

"தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் சார் வந்தேன். இது போவாது. கூடவே பொறந்த மாதிரி ஆயிருச்சி."

"மெசினு வீணாப் போயிரும். மொதல்ல இதுல பழகு" என்று, பிஸ்கட் பெட்டியை வெட்டி அட்டையில் எழுத்துக் கட்டங்களை வரைந்து கொடுத்தேன். உண்மை வேறு. அவள் கேள்வி கேட்கிறவள். தட்டினால் அடுத்து என்ன ஆகும் என்று கேட்பாள். அடுத்து என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது.

அட்டையில் எறும்பு ஓடாது என்ற தைரியத்தில் அதற்கு ஒரு முறையும் கண்டுபிடித்தேன்: எழுத்தை நன்றாக அழுத்து, அதன் பெயரை வாய்விட்டுச் சொல், பிறகு விரலை எடு. தினமும் வேலை முடிந்து வந்து, மன்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி அழுத்தினாள். இரண்டு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். மூன்று அடி தள்ளி, உறைக்குள் இயந்திரம் தூங்கியது.

"ஒரே ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டுமா சார்?"

"அடுத்த வாரம்" என்றேன். எல்லா வாரமும் அதையே சொன்னேன்.

ஆள் எடுத்த அன்று ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, பெயரை அடிக்கச் சொன்னாராம். அவள் முதல் எழுத்தை நன்றாக அழுத்தி, அதன் பெயரை வாய்விட்டுச் சொன்னாள். எறும்புகள் ஓடின. அவள் பயந்து இன்னும் பலமாக அழுத்தினாள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேலை பக்கத்து ஊர் ரிங்லெட்டிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். "நிக்காம ஓடிருச்சி சார். அது அப்படி ஓடும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் உறையை எடுத்துவிட்டு, இனி எப்போது வேண்டுமானாலும் வந்து தட்டலாம் என்று மன்றத் தலைவரிடம் அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"சொன்னேன் வாத்தியாரே. கையில கொழுந்துக் கறை இருக்குன்னு சாருகிட்ட சொல்லிருங்கங்குது. என்னா கறை? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எனக்கு விளங்கியது. அவருக்கு விளக்கவில்லை. சாவியை இடுப்பிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்து, யார் கேட்டாலும் திறந்துவிடுங்கள் என்றேன். அவர் நெகிழ்ந்துபோனார். அடுத்த மன்றக் கூட்டத்தில், வாத்தியாரின் பெரிய மனசைப் பற்றி மேட்டில் ஏறும் குரலில் கால்மணி நேரம் பேசி, எனக்கு மாலை போட்டார். வெளியே தேயிலை மேட்டில் நல்ல மழை. கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன்.