விக்கெட்டுக்குப் பின்னால் ஒரு தறிக்காரர் வீட்டுக் குரல்

என் மகள் விக்கெட் கீப்பராக ஊதியம் பெற்று ஆடத் தொடங்கிய முதல் பருவத்திலேயே, அவளை அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சும் நிலை உண்டாயிற்று. அவள் கேட்ச் எதையும் விட்டுவிடவில்லை. அவளுடைய குரலே காரணம்.

எங்கள் வீடு அருள்புரத்துக்கு அப்பால், விசைத்தறிக் கூடத்தோடு ஒட்டிக் கட்டப்பட்டது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் தண்ணீர் கேட்பதானாலும் அடிவயிற்றிலிருந்து கத்தத்தான் வேண்டும். நாளடைவில் தறி நின்ற பிறகும் அந்தக் குரல் தணிவதில்லை. எங்கள் வீட்டில் நலம் விசாரிப்பது கூடத் தெருவுக்குச் சண்டையாகத்தான் கேட்கும்.

பள்ளி அணியில் இக்குரல் அவளுக்குத் துணையாகவே இருந்தது. ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியபடி அவள் சொல்வது எல்லைக்கோட்டில் நிற்பவளுக்கும் கேட்கும். "இவ இருக்கறப்ப மைக் செட்டு எதுக்குடி?" என்று தோழியர் கேலி செய்வார்கள்.

பெரிய அணியில் அது வினையாயிற்று. கோவையில் நடந்த ஆட்டமொன்றில் நடுவர் ஒரு பந்தை வைடு என்று அறிவிக்க, இவள், "ஏனுங்க சார், பேட்டுல பட்டுதுங்களே?" என்று கேட்டிருக்கிறாள். சொல்லில் மரியாதைக் குறைவு எள்ளளவும் இல்லை. ஆனால் அந்நடுவர் வெளிமாநிலத்தவர், தமிழ் அறியாதவர். குரல் மட்டுமே அவரை எட்டியது. தம்மைத் திட்டினாள் என்று புகார் அளித்துவிட்டார். அணியின் மேலாளரான அம்மையார், பெற்றவரை அழைத்துவரச் சொன்னார். பேசிய பிறகே அவள் மறுநாள் ஆடுவதும் அணியில் தொடர்வதும் முடிவாகும் என்றார்.

பேருந்திலிருந்து இறங்கி நடக்கையில் மகளின் முகம் வாடியிருந்தது. "அப்பா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்க. கும்பிட்டுட்டு உக்காந்துக்குங்க" என்றாள். நானும் அவ்வாறே உறுதி பூண்டேன்.

மேலாளரின் அறை குளிரூட்டப்பட்டது. மின்விசிறியின் ஓசை கூட இல்லை. அவர் கனிவாகவே தொடங்கினார்.

"பொண்ணுக்கு வீட்ல கோபம் ஜாஸ்தியா சார்?"

"இல்லீங்கம்மா! கோவமே வராதுங்க! ஒரு பூனையைக் கூட முடுக்க மாட்டாளுங்க!"

இயன்றவரை மென்மையாகவே சொன்னதாக எண்ணினேன். உடனே பக்கத்து அறைக் கதவு திறந்தது. பயிற்சியாளர் போலும், ஒருவர் எட்டிப் பார்த்து, "மேடம், ஏதாச்சும் பிரச்சனையா?" என்றார்.

மேலாளர் என்னையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். "சார், இப்ப நீங்க கோபமா இருக்கீங்களா?"

"ஐயோ, இல்லீங்க! பயந்துட்டு இருக்கறனுங்க!"

அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அம்மாவும் இப்படித்தானா?" என்று மகளைக் கேட்டார்.

"அம்மா இன்னும் சத்தமுங்க மேடம்" என்றாள் அவள், அதே குரலில்.

மேலாளர் அங்கிருந்தபடியே நடுவரைத் தொலைபேசியில் அழைத்து, இந்தியில் நெடுநேரம் விளக்கினார். அவர்கள் பேசியது எனக்கு விளங்கவில்லை. ஆனால் மறுமுனையிலும் சிரிப்பொலி எழுந்ததைக் கேட்டபோது, நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரத்தை யாரோ கைகொடுத்து இறக்கியது போலிருந்தது. "நாளைக்கு நீதான் கீப்பர். அம்பயர்கிட்ட மட்டும் பக்கத்துல போய், பாதிக் குரல்ல பேசு" என்றார் மேலாளர் மகளிடம்.

மறுநாள் நான் ஊர் திரும்பவில்லை. பார்வையாளர் வரிசையில் அமர்ந்துவிட்டேன். மட்டையின் விளிம்பைத் தொட்டு வந்த ஒரு பந்தை அவள் இடப்புறம் பாய்ந்து பிடித்து அவுட் கேட்டாள். மரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. அதே நடுவர், ஒரு கையால் காதைத் தேய்த்தவாறு, மறுகையின் விரலை உயர்த்தினார்.

நானும் எழுந்து, "நல்லாப் புடிச்ச கண்ணு!" என்றேன். முன்வரிசையிலிருந்த ஒருவர் தம் பையை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் அமர்ந்தார்.