வாரண்டிக் காகிதத்தில் நான் தாண்டிய பத்தி

என் சகலைக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். அவர் நம்பிக் கொடுத்த ஆங்கிலக் காகிதத்தைத் தமிழில் படித்துச் சொல்லும்போது, அவருக்கு நன்மை தரும் பத்தியை வேண்டுமென்றே தாண்டிவிட்டு மற்றதை மட்டும் படித்தேன். மறதியில்லை. கண் மங்கலும் இல்லை. பொறாமை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். என்னைவிட ஆறு வயது இளையவர். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது அவருடைய அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதி வாங்கிக்கொண்டார். அதனால் இவர் வயது வந்ததும் அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்து, லாரி ஓட்டி, பென்ஷனோடு திரும்பி வந்தார். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்போம். படித்தது பிரெஞ்சுப் பள்ளியில், அதுவும் பாதி வரைதான். பிரெஞ்சு சரளமாக எழுதுவார், படிப்பார். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆங்கிலம் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

பிரான்சிலிருந்து வரும் கடிதங்களுக்கு அவருக்கு யாரும் வேண்டாம். ஆனால் இந்த ஊர் பேங்க், இன்ஷூரன்ஸ், டெலிபோன் என்று வருவதெல்லாம் ஆங்கிலத்தில்தானே வரும். அதற்கு நான். கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏறக்குறைய இருபது வருடம் அந்த வீட்டுக்கு வந்த ஆங்கிலக் காகிதம் ஒன்றுகூட என் கண்ணில் படாமல் போனதில்லை. எதிரில் உட்கார்ந்து, நான் கண்ணாடியை மாட்டும் வரை பேசாமல் காத்திருப்பார். எனக்கு அது பிடிக்கும். அவரைவிட நான் ஒசத்தி என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

மற்ற எல்லாவற்றிலும் அவரைப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்தேன். மூலக்குளத்தில் மாடி வைத்து வீடு கட்டினார். நான் உப்பளத்தில் தம்பிகளோடு பங்கு பிரிக்காத பழைய வீட்டில் இருந்தேன். கோடையில் அவரும் என் மைத்துனியும் பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் நாலைந்து மாதம் இருந்துவிட்டு வருவார்கள். வரும்போது எங்களுக்கும் ஏதாவது வாங்கி வருவார். ஒரு முறை எனக்கு ஒரு கைக்கடிகாரம். அதைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய், நானே வாங்கியதாகச் சொன்னேன். அவருடைய பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு, “இதுக்குப் போய் இவ்ளோ பீத்தல்” என்று மனைவியிடம் சொன்னேன். அவர் பீற்றிக்கொண்டதே கிடையாது. பீற்றிக்கொண்டிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து நாலைந்து வருடம் கழித்து அவர் கார் வாங்கினார். வெள்ளி நிறம், டீசல் வண்டி. ஊரான் லாரியை வாழ்நாள் முழுக்க ஓட்டியவருக்குச் சொந்த ஊரில் சொந்த வண்டி ஓட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. மாதா கோயிலில் சாமியார் மந்திரித்த தீர்த்தம் தெளித்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார்.

“அண்ணே, ஏறுங்க. நோணாங்குப்பம் போயி போட் ஹவுஸ் பாத்துட்டு வருவோம்.”

மைத்துனி முன்சீட்டை விட்டு இறங்கி, “அக்கா, நீ முன்னாடி உக்காரு. உனக்குத்தான் முட்டி வலி” என்றாள். என் மனைவி முப்பது வருடமாக என் ஸ்கூட்டரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தோளைப் பிடித்தபடி வந்தவள். அன்று முன்சீட்டில் சாய்ந்து, ஏசிக் காற்று முகத்தில் பட, கண்ணை மூடிக்கொண்டாள். அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, “ஒரு குலுக்கல்கூட இல்லைங்க” என்றாள்.

என்னைக் குறை சொல்லவில்லை அவள். சந்தோஷத்தில் சொன்னாள். பின்சீட்டில் இருந்த எனக்கு அது தாங்கவில்லை. அவளுக்கு இந்த முகம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதை வரவழைத்தது நான் இல்லை.

திரும்பி வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டோம். கை கழுவியதும் சகலை ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து என் முன் வைத்தார். ஷோரூமில் கொடுத்தது. இரண்டு திட்டம். ஒன்று, மூன்று வருட சர்வீஸுக்கு இப்போதே மொத்தமாகப் பணம் கட்டிவிடுவது. இன்னொன்று, கம்பெனி தரும் இரண்டு வருட வாரண்டியைப் பணம் கட்டி மேலும் இரண்டு வருடம் நீட்டிப்பது.

“ரெண்டும் எடுத்துடலாம்னு இருக்கேன். அங்கல்லாம் கராந்தி இல்லாம ஒரு சாமான் வாங்க மாட்டோம். நீங்க ஒரு தபா படிச்சி சொல்லிடுங்கண்ணே” என்றார். வாரண்டியைத்தான் பிரெஞ்சில் ‘கராந்தி’ என்பார்.

முதல் திட்டத்தை நேர்மையாகத்தான் பார்த்தேன். ஆயிலும் ஃபில்டரும் கூலியும் அதில் அடக்கம். பிரேக், கிளட்ச் போன்ற தேயும் சாமான்களுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அவரோ வருடத்தில் பாதி ஊரில் இருப்பதில்லை. மூன்று வருடத்தில் செய்யாத சர்வீஸுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருப்பார். “இது உங்களுக்கு வேணாம் தம்பி” என்று காரணத்தோடு சொன்னேன். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இரண்டாவது காகிதத்தை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு பத்தி. எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், ஏசி, டீசல் பம்ப், அதைச் சேர்ந்த இன்ஜெக்டர்கள் எது பழுதானாலும் சாமானும் கூலியும் இலவசம் என்று இருந்தது. அப்போதுதான் கம்ப்யூட்டர் வைத்த டீசல் பம்ப் வர ஆரம்பித்திருந்த காலம். அது கெட்டால் தெரு மெக்கானிக் கையே வைக்க முடியாது, செலவு தலைக்கு மேல் போகும் என்று எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டு புலம்பியதைக் கேட்டிருக்கிறேன். மாதக்கணக்கில் நிற்கப்போகும் இந்த வண்டிக்கு இது கட்டாயம் வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

உள்ளே என் மனைவி தங்கையிடம், “மெத்து மெத்துன்னு இருக்குடி அந்த சீட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் எதற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்று பட்டியல் இருந்தது. அதை உரக்கப் படித்தேன். டயர் கிடையாது. பேட்டரி கிடையாது. கிளட்ச் கிடையாது. பிரேக், பல்பு, கண்ணாடி, வைப்பர் கிடையாது. வெளியே ரிப்பேர் பார்த்தால் ஒன்றுமே கிடையாது.

“அப்போ என்னாத்துக்குண்ணே அது?” என்றார்.

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

அவர் சிரித்தார். “நல்லவேளை உங்ககிட்ட காட்டினேன். அந்த ஷோரூம் பொண்ணு பேசின பேச்சுல கையெழுத்தே போட்டிருப்பேன்.” ஃபைலை மூடி, “மெர்சி அண்ணே” என்று நன்றி சொன்னார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால் பல நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொள்ள முடிந்தது.

அன்றைக்கு மட்டும் என்றால் ஏதோ ஒரு கொதிப்பில் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு வருடம் முடியும் தறுவாயில் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. அவர் போன் செய்தார்.

“அண்ணே, ஷோரூம்லேர்ந்து கூப்ட்டாங்க. இன்னும் பதினஞ்சு நாளுக்குள்ள வந்தா இப்பவும் கராந்தி நீட்டிக்கலாமாம். என்னா பண்றது?”

“வண்டி எப்படி ஓடுது?”

“வண்டிக்கென்ன, தண்ணி மாதிரி ஓடுது.”

“அப்புறம் என்ன? விக்கறவங்க கூப்பிடத்தான் செய்வாங்க.”

“அதுவும் சரிதான்” என்று வைத்துவிட்டார். அந்த வாரம்தான் அவர்கள் அந்த வண்டியில் என் மனைவியை வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போய்வந்திருந்தார்கள். “நீங்களும் வந்திருக்கலாம்” என்று அவள் ஒரு நாளில் நாலு தடவை சொன்னாள். முட்டி வலியைப் பற்றி மட்டும் அவள் பேசவே இல்லை.

அடுத்த வருடம் பிரான்சிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள், வில்லியனூர் ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். என்னையும் ஒர்க் ஷாப்புக்குக் கூட்டிப்போனார், எஸ்டிமேட் ஆங்கிலத்தில்தானே இருக்கும் என்று. பம்ப் உள்ளுக்குள் தேய்ந்து, இரும்புத் தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போயிருந்தது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். செலவு, வண்டி விலையில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாது.

அங்கிருந்த இளைஞர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “வாரண்டி நீட்டிக்கலையா சார்? எடுத்திருந்தா உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. பம்ப்புன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்குமே” என்றார்.

சகலை என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. “அண்ணன் அப்பவே படிச்சுப் பாத்துட்டுத்தான் வேணாம்னாரு. அவரு கணக்கு வாத்தியாரு, பம்ப்பு ரிப்பேரப் பத்தி அவருக்கு என்னா தெரியும்? நம்ம நேரம்” என்று எனக்காக அந்த இளைஞரிடம் வாதாடினார். எனக்கு எல்லாம் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் எஸ்டிமேட்டைக் கையில் வாங்கி வரி வரியாக, ஒன்று விடாமல் படித்துக் காட்டினேன்.

அந்தச் செலவால் அடுத்த கோடையில் அவர்கள் மகள் வீட்டுக்குப் போகவில்லை. மகளுக்கு அந்த வருடம்தான் முதல் குழந்தை பிறந்தது. மைத்துனி போனிலேயே தாலாட்டினாள் என்று என் மனைவி சொல்லிச் சொல்லி அழுதாள். கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், “பிறர்மேல் பொறாமைப்பட்டேன் சாமி” என்று பொதுவாகச் சொன்னேன். அங்கேயும் பத்தியைத் தாண்டித்தான் படித்தேன்.

குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும் சமயத்தில், பேங்கில் போட்டிருந்த டெபாசிட்டை உடைத்து, ஒரு செக் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூலக்குளம் போனேன். வரவேற்பறையில் இருவரும் இருந்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் ஃபைலைக் கேட்டேன். எடுத்து வந்தார். முதல் பக்கத்தின் பத்தியைத் தமிழில் மெதுவாகப் படித்தேன். “இது அன்னிக்கும் இருந்தது தம்பி. நான் படிக்கல” என்றேன்.

“கவனிக்கலியாண்ணே?”

“கவனிச்சேன். வேணும்னேதான் படிக்கல.”

அவர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “போன்ல கேட்டேனே, அப்பவும் தெரியுமா?”

“அப்பவும் தெரியும்.”

“ஏண்ணே?”

“பொறாமை. உங்க வண்டி மேல. உங்க எல்லாத்து மேலயும்.”

மைத்துனி எழுந்தாள். “படிச்சவரு படிச்சவருன்னு தலைல தூக்கி வச்சிகினு ஆடினியே, பாத்துக்க” என்று புருஷனிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, “எம் பேத்திய நான் இன்னும் கையில தூக்கல மாமா. அது தெரியுமா உங்களுக்கு?” என்றாள்.

செக்கை எடுத்து மேஜையில் வைத்தேன். சகலை அதை என் பக்கம் தள்ளினார். “வேணாண்ணே. எடுத்துகினு போங்க.” மைத்துனி குறுக்கே கை நீட்டி எடுத்துக்கொண்டாள். “உனக்கு வேணாம். எனக்கு வேணும். டிக்கெட் போடணும்” என்றாள்.

அதே மாதம் டிக்கெட் எடுத்து, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிறந்தபோது பக்கத்தில் இருப்பதற்கு எந்தச் செக்காலும் வழியில்லை. என் மனைவிக்குத் தங்கை மூலம் எல்லாம் தெரிந்தது. அவள் என்னிடம் சண்டை போடவில்லை. மூன்று வாரம் பூசைக்குப் பஸ்ஸில் போனாள், நான் ஸ்கூட்டரை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தும்.

சகலை உறவை முறித்துக்கொள்ளவில்லை. பிரான்சிலிருந்து வந்ததும் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வந்தார், அண்ணே என்றே கூப்பிட்டார், குழந்தையின் போட்டோவைக் காட்டினார். காகிதம் எதையும் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை. வேறு யாரையாவது பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கடைக்காரர் ஒரு இன்ஷூரன்ஸ் கடிதத்தைப் படித்துச் சொல்ல, இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வண்டியில் ஏறுவார் என்று பார்த்தேன். ஏறவில்லை. நாலு கடை தள்ளி இருந்த டைப்பிங் சென்டருக்குள் போய், அதே கடிதத்தை அங்கிருந்த பெண்ணிடம் நீட்டினார். “இதுல என்னா எழுதியிருக்குன்னு முழுசா படிம்மா. ஒரு வரிகூட விடாத” என்று அவர் சொன்னது ரோட்டில் நின்றிருந்த எனக்குக் கேட்டது.