ஒண்ணாவது சென்சார் எது?

டாக்சி ஸ்டாண்டில் அவரைப் பொறுமை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது, அதையும் போலீஸ்காரர்களைத் தவிர யாரும் படித்ததில்லை. எப்பேர்ப்பட்ட அவசரக்காரர் ஏறி உட்கார்ந்து விரட்டினாலும் அவர் முதலில் கண்ணாடியைச் சரி செய்வார். சீட்டை அரை அங்குலம் முன்னே தள்ளுவார். திருப்தியில்லாமல் பழையபடி பின்னே தள்ளுவார். பிறகு, "பொறுமையா போலாம் சார்" என்பார். அவரால் ரயிலைக் கோட்டைவிட்டவர்கள் ஊரில் ஒரு கூட்டமே உண்டு. ஆனால் நிறைமாதக்காரிகள், கண் ஆபரேஷன் முடிந்தவர்கள், ஆளுயரக் கண்ணாடி வாங்கியவர்கள் எல்லாம் ஸ்டாண்டுக்கு வந்தால் அவர் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

வண்டி சொந்த வண்டி. சாம்பல் நிற டீசல் கார். பாதி ஆயுசுக்கு அடுத்தவன் வண்டியை ஓட்டி, "யோவ் டிரைவர், ஏசியைக் கூட்டு" என்று மீசை முளைக்காத பிள்ளைகளிடம்கூட வாங்கிக் கட்டிக்கொண்டவர், ஒருவழியாகத் தனக்கென்று வாங்கியது. வாங்கிய அன்று இரவு தூக்கம் வராமல் மூன்று தடவை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார் என்று அவர் மனைவியே தான் வேலை பார்க்கிற கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். தன்னை அப்படி ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை என்பது அந்த அம்மாளின் மனக்குறை.

அந்த வண்டியின் டாஷ்போர்டில்தான் ஒரு நாள் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

முதலில் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. எரியட்டும், அதுபாட்டுக்கு ஓரமாகத்தானே எரிகிறது என்று விட்டுவிட்டார். அடுத்து வண்டியில் பிக்கப் குறைந்தது. அவர் ஓட்டுகிற லட்சணத்துக்கு அது தெரியவே சில வாரங்கள் ஆயிற்று. மேம்பாலம் ஏறும்போது காய்கறி மூட்டை கட்டிய ஒரு சைக்கிள் மணியடித்துவிட்டு அவரை முந்திப்போனது. போனவன் சும்மா போகாமல், திரும்பி ஒரு இரக்கப் பார்வையும் பார்த்துவிட்டுப் போனான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மனைவிக்குத் தெரியக்கூடாது என்று விளக்கின் மேல் துடைக்கிற துணியைப் போட்டு வைத்தார். மனைவி வேலை பார்ப்பதோ மூக்குக் கண்ணாடிக் கடையில். எதிர்ச் சுவரில் இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லி ஊரையே கண்ணைச் சுருக்க வைக்கிறவர். ஏறி உட்கார்ந்ததும் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பழையபடி போட்டு ஓரத்தை நீவிவிட்டார். 

வீட்டில் மனைவியின் அண்ணன் காத்திருந்தார். வேன் கம்பெனி வைத்திருப்பவர், அதனால் குடும்பத்தில் அவருக்கு வேன் மச்சான் என்று பெயர். அவரிடம் ஓட்டுகிற எல்லாருக்கும் நீலச் சட்டை, நீலத் தொப்பி, நெஞ்சில் நம்பர். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "ஏழு, நீ கிளம்பு. பதினொண்ணு, நீ டயரைப் பாரு." தங்கை புருஷனையும் ஒரு நம்பராக்கிவிட வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் ஆசை. பாசத்தினால்தான் என்று அவர் சொல்வார். ஆள் பற்றாக்குறை என்று அவருடைய நம்பர்கள் சொல்வார்கள்.

வண்டியில் கோளாறு என்று தெரிந்ததும் மனிதர் விஸ்வரூபம் எடுத்துவிட்டார். டீசல் வண்டி ஒரு தடவை படுத்தால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலையவிடும், சிமெண்ட் கடைக்காரர் ஒருவர் இதே மாதிரி வண்டி தேடுகிறார், தள்ளிவிட்டுவிட்டு நிம்மதியாக என்னிடம் வந்துவிடட்டும் என்று தங்கையிடம் வரிசையாக எடுத்து வைத்தார். பொறுமை சோபா நுனியில், பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைசியில் மனைவி தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாருங்க. அந்த லைட்டு அணைஞ்சா வண்டி இருக்கட்டும். இல்லைனா அண்ணன் சொல்றபடி செஞ்சிடுவோம். இப்படித் துணி போட்டு மூடிட்டே எத்தனை நாள்தான் ஓட்டுவீங்க?"

அன்றே வண்டி பல்லியிடம் போனது. பல்லி என்பது மெக்கானிக். கார்களின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டே வாழ்கிறவர் என்பதால் அந்தப் பெயர். அவருடைய பட்டறை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செருகி வைத்த மாதிரி இருக்கும். வண்டியை மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்கு உள்ளே விட்டால்தான் ஷட்டரை மூட முடியும். அதனால் பல்லி எப்போதும் பின்பக்கமாகத்தான் காரின் அடியில் நுழைவார். ஆளைத் தேடி வருகிறவர்கள், டிக்கிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிற காலிடம்தான் பேசிவிட்டுப் போவார்கள்.

ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டுப் பல்லி விளக்கினார். டீசல் புகையில் வருகிற கரியைப் பிடித்து வைக்க சைலன்சர் பைப்பில் ஒரு ஃபில்டர் இருக்கிறதாம். கரி சேர்ந்ததும் வண்டியே அதைச் சூடாக்கி எரித்துவிடுமாம். அந்தச் சூட்டை அளக்க ஃபில்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். அதில் ஒன்று உளறினால் எரிக்கிற வேலையை வண்டி நிறுத்திவிடும். கரி அடைத்துக்கொள்ளும், வண்டி முக்கும்.

"ஒண்ணாவது சென்சார் போயிடுச்சுண்ணே. புதுசு போட்டுட்டா கழுதை குதிரையாயிடும்" என்றார் பல்லி.

புதுசு போட்டார்கள். விளக்கு அணையவில்லை. ஓட ஓடப் போய்விடும் என்று பல்லி சொன்னார். வேறு யாராக இருந்தாலும் சண்டைக்கு நின்றிருப்பார்கள். நம்மவர் பேரே பொறுமையாயிற்றே, சரி என்று ஓட்டினார். ஓட ஓட விளக்கு இன்னும் பிரகாசமாக எரிகிற மாதிரித்தான் இருந்தது. வேன் மச்சான் போன் செய்து சட்டை அளவு கேட்டார். ஸ்டாண்டில் ஒருவன் வந்து, "அண்ணே, உங்களுக்குப் பதினாலாம் நம்பராமே, ராசியான நம்பர்" என்று வாழ்த்திவிட்டுப் போனான். பொறுமை அன்று மதியச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

சனிக்கிழமை மறுபடி பட்டறை. என்ன தோன்றியதோ, பொறுமை அன்றைக்கு வண்டியை ரிவர்ஸில் உள்ளே விட்டார். முடிந்ததும் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு நிற்காமல் நேரே பறந்துவிடலாம் என்ற எண்ணம். வாழ்க்கையில் முதல் அவசரம். பல்லிக்கு முகம் சரியில்லை. பின்பக்கம் சுவர். வேறு வழியில்லாமல் முன்பக்கமாக நுழைந்தார். ஸ்கேனர் அதே ஒண்ணாவது சென்சாரைத்தான் காட்டியது. அப்படியானால் வண்டியின் மூளையே போயிருக்கும், அதை மாற்றுவதற்கு வண்டியையே மாற்றலாம் என்று அடியிலிருந்து குரல் வந்தது.

 விற்பதற்கு முன் ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அட்டையை விரித்துப் பொறுமையும் பல்லிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தார்.

"இதோ பாருங்கண்ணே. இதான் ஒண்ணாவது" என்று பல்லி டார்ச் அடித்தார்.

பொறுமை பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, புதுசு போட்டேன்னு சொன்னியே. இது அடுப்புக்குள்ள கிடந்த ஆணி மாதிரி இருக்கு."

டார்ச் வெளிச்சம் மெதுவாகப் பைப்பின் மேல் ஊர்ந்து பின்பக்கம் போனது. அங்கே, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், புத்தம் புதிய சென்சார் ஒன்று பளபளவென்று மின்னியது.

பல்லி டார்ச்சை அணைத்தார். "நான் பின்னாடியிருந்துதானேண்ணே வருவேன். அங்கேருந்து வந்தா அதுதானே ஒண்ணாவது."

"வண்டி எந்தப் பக்கம் பாத்து ஓடுது?"

"முன்னாடி."

"அப்ப அது எங்கேருந்து எண்ணும்?"

பல்லி ஸ்பேனரை எடுத்தார். கழற்றி வைத்திருந்த நல்ல சென்சாரை அதன் பழைய இடத்தில் மாட்டினார், புதுசை இன்ஜின் பக்கம் மாட்டினார். ஸ்கேனர் சமாதானமாகிவிட்டது. ஆனால் விளக்கு அணையவில்லை. இத்தனை நாள் அடைத்த கரி எரிந்தால்தான் அணையுமாம். அதற்கு பைபாஸில் கியரைக் குறைத்துப் போட்டு, இன்ஜின் அலற, காலை எடுக்காமல் மிதிக்க வேண்டுமாம். "உங்களால முடியுமாண்ணே?" என்று பல்லி கேட்டது கிண்டல் இல்லை, நிஜமான கவலை.

ஞாயிறு காலை வேன் மச்சான் சிமெண்ட் கடைக்காரரோடு வந்துவிட்டார். ஓட்டிக் காட்டுகிறேன், ஏறுங்கள் என்றார் பொறுமை. மனைவி முன் சீட்டில், மற்ற இருவரும் பின்னால். கண்ணாடியைச் சரி செய்தார். பைபாஸ் வந்ததும் கியரைக் குறைத்து, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து, மிதித்தார்.

அப்புறம் நடந்ததைச் சிமெண்ட் கடைக்காரர் இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். மரங்கள் வரவில்லையாம், ஒரே பச்சைச் சுவராகத்தான் வந்ததாம். லாரிகளெல்லாம் நின்றுகொண்டிருப்பதாக நினைத்தாராம். வேன் மச்சான் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, "மாப்ள, பாத்து மாப்ள, புள்ளகுட்டிக்காரன் நான்" என்றார். கரிந்த வாடை வந்தது. பொறுமைக்கு வேர்த்துக் கொட்டியது, காலை மட்டும் எடுக்கவில்லை. மனைவி சாலையையே பார்க்கவில்லை. எழுத்துப் பலகையைப் பார்க்கிற மாதிரி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஒரு தடவை கண் சிமிட்டியது. பிறகு அணைந்துவிட்டது.

"போதும், காலை எடுங்க" என்றார் மனைவி.

வண்டி ஓரமாக நின்றது.  சிமெண்ட் கடைக்காரர் இறங்கி, நெஞ்சைத் தடவிக்கொண்டு நாலு மூச்சு விட்டபின் அவருக்கு வியாபாரி புத்தி திரும்பியது. வண்டி ராக்கெட் மாதிரி இருக்கிறது, சொன்ன விலைக்கு மேலேயே தருகிறேன் என்றார். வேன் மச்சான் முகத்தில் ரத்தம் திரும்பியது. எல்லாரும் அந்த அம்மாளைப் பார்த்தார்கள். பொறுமை மட்டும் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"வண்டி விக்கிறதுக்கில்லண்ணே" என்றார் மனைவி. "பதினாலாம் நம்பருக்கு வேற ஆள் பாத்துக்க. அவருக்கு இங்கயே வேலை இருக்கு."

வேன் மச்சான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திரும்பிப் போக வேறு வண்டி இல்லை என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

இருவரையும் சிமெண்ட் கடை வாசலில் இறக்கிவிட்டாயிற்று. வீட்டுக்குத் திரும்புகிற முனையில் பொறுமை இண்டிகேட்டரைப் போட்டார்.

"எதுக்கு அந்தப் பக்கம் திருப்புறீங்க?" என்றார் மனைவி, ஜன்னலை முழுசாக இறக்கிவிட்டு. "நேரா போங்க. காத்து நல்லா இருக்கு."