ஜவுபரின் உப்புத்தண்ணித் தொட்டி

ஜவுபருக்குப் பைப் வேலை. கல்முனையில் அவர் கை படாத குளியலறை குறைவு. ஆனால் அவருக்கென்று ஒரு வீடு இருந்ததில்லை. அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான்; தாய் மகளுக்குக் கொடுப்பது. கலியாணம் முடித்து நபீலாவின் வீட்டுக்குள் போனவர், அவள் காட்டிய இடத்தில்தான் ஓர் ஆணிகூட அடித்தார். சுனாமி அந்த வீட்டையும் ஒரே மகன் முபாறக்கையும் கொண்டுபோய்விட்டது.

தகரக் கொட்டிலில் ஆண்டுகள் கழிந்தன. யுத்தம் முடிந்து வீதியில் வெடி கொளுத்திய மாதத்தில், வயல் பக்கம் கட்டிய வீட்டுத்திட்டத்தில் அவர்களுக்கும் ஒன்று கிடைத்தது. குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். ஜவுபர் கையெழுத்து வைத்தார். வீடு அவர் பெயருக்கு வந்தது. எல்லாருக்கும் அப்படித்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். நபீலா உடுப்புகளைப் பேக்கிலிருந்து எடுத்து அலுமாரியில் அடுக்கவில்லை. விருந்துக்கு வந்தவளைப்போல வேண்டியதை மட்டும் உருவி உடுத்தாள்.

அந்தப் பேக் காலியாக வேண்டும் என்பதே ஜவுபரின் ஒரே நினைப்பாயிற்று. பழைய வீட்டில் அவள் போத்தலில் வரிமீன் வளர்த்தது ஞாபகம் வந்தது. உடைந்த கடையொன்றின் கண்ணாடியை வெட்டி, சிலிக்கன் பூசித் தொட்டி ஒட்டினார். தண்ணீர் பிடிக்கும் நீலப் பிளாஸ்டிக் பரலைப் பாதியாக அறுத்துக் கீழே வைத்து, தண்ணீரைச் சுத்தமாக்கச் சிப்பியும் பவளப்பாறையாகிய முருகைக்கல் துண்டுகளும் நிரப்பினார். தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் பைப்பால் பரலுக்குள் இறங்கும். சின்ன மோட்டர் அதை மறுபடி மேலே தள்ளும். இன்னொரு பைப்புக்குள் காற்றை விட்டு, அழுக்கை நுரையாக மேலே எழும்பி வழியவிட்டார். கேன் கேனாகக் கடல் தண்ணீரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து, துணியில் வடித்து ஊற்றினார்.

அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் பக்கத்து வீட்டு ஹாஜறா வேலியோரம் நின்று, "கடலுக்குப் பயந்துதான் நாங்க இஞ்ச ஓடி வந்த. நீங்க அதுக்குப் பின்னால போய்க் கூட்டிட்டு வாறீங்க, காக்கா" என்றாள்.

தொட்டியின் பைப்பில் பொருத்திய பிளாஸ்டிக் வால்வு ஒழுகியது. மணல் மூடிய பழைய வீட்டு வளவைக் கிளறியபோது, நபீலாவின் வாப்பா பூட்டிய பித்தளை வால்வு கிடைத்திருந்தது. அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பூட்டினார். அவளுடைய வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஒருநாள் அவளே கண்டுபிடிப்பாள் என்று சொல்லாமல் விட்டார்.

பாலமுனை மீன்பிடிக்காரர் அச்சிமுகம்மது கடல் மீன்களும் சின்ன இறால்களும் பிடித்துக் கொடுத்தார். நபீலா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் அலுமாரியில் அவளுடைய சட்டைகள் இரண்டு தொங்கின. ஜவுபர் அந்தக் கதவைத் திறந்து திறந்து பார்த்தார்.

முதலில் இறால்கள் செத்தன. தண்ணீரை மாற்றினார். பிறகு மீன்கள் பக்கவாட்டில் சரிந்தன. பார்க்க வந்த அச்சிமுகம்மது வால்வின் அடியில் படிந்த பச்சையைத் தொட்டார். கொழும்புக்கு உயிர்மீன் அனுப்புகிறவர்கள் பித்தளையை அண்டவும் விடமாட்டார்கள், அதிலுள்ள செம்பு கரைந்தால் கடல் சீவன் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நபீலா வால்வைக் குனிந்து பார்த்தாள்.

"இது எங்கால?"

"உன்ட வளவில கிடந்த. வாப்பா பூட்டினது."

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ சந்தோசப்படுவாய் எண்டு…"

"வீட்ட எழுதக்குள்ளயும் கேக்கல்ல. அதுவும் சந்தோசத்துக்குத்தானா?"

நாளைக்கே வீட்டுத்திட்டக் கந்தோருக்குப் போய் வீட்டை அவள் பெயருக்கு மாற்றுவதாகச் சொன்னார்.

"அப்பயும் அது நீங்க தந்த வீடுதான். என்ட உம்மா தந்தது இல்ல."

அந்த இரண்டு சட்டைகளையும் பேக்கில் திணித்தாள். சம்மாந்துறையில் இருக்கும் தங்கை கமீலாவிடம் போவதாகச் சொல்லிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அந்தக் கரையில் சண்டை முற்றினால் சாரனையும் சட்டையையும் சுருட்டிக்கொண்டு இறங்குவது ஆண்தான். வீடு அவளோடு நிற்கும். நாலு நாள் உம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்தபடி திரும்பி வருவான். ஜவுபரும் அப்படி எத்தனையோ தரம் போய், திரும்பி வந்தவர்தான். அவர் பெயரிலுள்ள இந்த வீட்டிலிருந்து அவரைப் போகச் சொல்ல ஆளில்லை. ஆகவே திரும்பி வரச் சொல்லவும் ஆளில்லை.