இறாலுக்கு நான் கட்டிய குகை

பாம்புகூடத் தங்காது என்று சொன்ன பொட்டல் மேட்டில் சூளை கட்டினேன். மழைக்காலத்தில் மண் காயாது என்று ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சூளையின் மேல்சூட்டில் ஜாடிகளைக் காயவைத்துச் சுட்டு லாரி ஏற்றினேன். நான் படித்தது அஞ்சாங்கிளாஸ், அதிலும் பாதி. இஞ்சினியர் இல்லாமல் மாடி வீடு கட்டினேன். படிக்கட்டு கொஞ்சம் செங்குத்துதான், ஆனால் இதுவரை யாரும் பெரிதாக விழவில்லை. கடைசியாக ஓர் இறாலுக்கு வீடு கட்டினேன். அதில்தான் என் மேல் கொலைப்பழி விழுந்தது.

விருத்தாசலத்துக்காரன் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கடலூர் பஸ் ஏற வேண்டும். பாங்கில் வேலை பார்க்கும் என் மகன் கடலையே கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். பாக்கெட்டில் வரும் உப்பைக் கரைத்துக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, மோட்டார் வைத்து அலையும் அடிக்கவிட்டான். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஓர் இறால். சென்னையிலிருந்து ரயிலில் வந்தது.

அது ஒளிந்துகொள்ளப் பிளாஸ்டிக் குகை வாங்கப் போகிறேன் என்றான். சூளைக்காரன் வீட்டில் பிளாஸ்டிக்கா? நானே மண் பிசைந்து, இரண்டு வாசல், ஒரு ஜன்னல் வைத்து, கண்ணாடி மாதிரி உருகிப் படியும் வெள்ளைக் கிளேஸ் பூசிச் சுட்டுக் கொடுத்தேன். இறால் அன்றைக்கே குடிபோனது.

ஒருநாள் தொட்டியின் அடியில் அது கவிழ்ந்து கிடந்தது. என் மனைவி மூக்கைச் சிந்தினாள். மகன் லீவு சொன்னான். கொஞ்ச நேரத்தில் குகைக்குள்ளிருந்து இறால் மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. கீழே கிடந்தது அது கழற்றிப்போட்ட பழைய ஓடு. வளர வளர அப்படிக் கழற்றுமாம்.

அதனால் அடுத்த முறை கவிழ்ந்து கிடந்தபோது யாரும் அசையவில்லை. "சட்டைய கழட்டிப் போட்டிருக்குது, வுடுங்க" என்று மனைவி தோசை ஊற்றப் போனாள். மத்தியானம் வரை குகை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் வாடைதான் வந்தது.

ஏன் செத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மகன் தண்ணீரைச் சோதித்தான்; உப்பு சரி, சூடு சரி. மிச்சமிருந்தது குகைதான்; அதைச் செய்தது அப்பா என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். மருமகளின் அப்பா, என் சம்பந்தி, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார்.

"கொழம்புல போட வேண்டியதுக்கு வூடு கட்டிக் குடுத்தீங்களாமே, சம்பந்தி?"

"கட்டினேன். உங்க வூட்டவிட ஒறுதியாதான் கட்டினேன்."

"கிரகப்பிரவேசம் பண்ணீங்களா? பண்ணியிருக்க மாட்டீங்க. அதான் ஆளத் தூக்கிடுச்சி."

மகன் சிரிக்கவில்லை. "அப்பா, கிளேஸ்ல என்னா சேர்த்தீங்க?"

"ஜாடிக்குச் சேக்கறதுதான்."

"எனக்கு டவுட்டா இருக்குதுப்பா. அடுத்த எறாவுக்குப் பிளாஸ்டிக்கே வாங்கிடறேன்."

குகையைத் தொட்டியிலிருந்து எடுத்துக் குளியலறை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். எத்தனையோ வீட்டு ஊறுகாய் என் ஜாடியில் வருஷக்கணக்காகக் கெடாமல் இருக்கிறது. என் வீட்டுக் கூடத்தில் என் சரக்குக்கு இடமில்லை என்றால், நான் எந்தக் கடைக்குப் போய் ஜாடி விற்பது?

எங்கள் தொழிலில் ஒரு சரக்கு நல்லது என்று காட்ட ஒரே வழி, அதை உடைப்பது. எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டு, குகையைச் சுத்தியலால் உடைத்தேன். உடைந்த இடத்தில் சிவப்பு மையை ஊற்றி ஈரத்துணியால் துடைத்தேன். சரியாக வேகாத மண்ணாக இருந்தால் மையைக் குடித்துச் சிவந்திருக்கும். இது பல் மாதிரி வெளுப்பாக இருந்தது.

"பாரு. உள்ள ஒரு சொட்டு போவல. அப்பறம் உள்ளேருந்து என்னா வெளிய வரும்?"

"மேல பூசினது கரையலாம் இல்ல?" என்றான்.

சில்லுகளைக் கழுவி ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டேன். மறுநாள் காலையில் எல்லோர் முன்னாலும் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். மனைவி திட்டியதை இங்கே எழுத முடியாது. சாயங்காலம் வரை நாற்காலியில் உட்கார்ந்து காட்டினேன். பசி கொஞ்சம் அதிகமானது, அவ்வளவுதான்.

"நீங்க எறா இல்லப்பா" என்றான் மகன்.

மருமகள்தான் தீர்ப்பு சொன்னாள். "மாமாவ இன்னொண்ணு செய்யச் சொல்லிடுங்க. இல்லாட்டி நாளைக்கு வேற எதையாவது எடுத்துக் குடிப்பாங்க."

செய்தேன். இந்த முறை மூன்று வாசல். புது இறால், மகன் தண்ணீரிலிருந்து கையை எடுப்பதற்குள் உள்ளே போய்விட்டது. ஓடு கழற்றி, நன்றாகவே இருக்கிறது. முதல் இறால் ஏன் செத்தது என்பது இன்றுவரை தெரியாது. என் குகையால் சாகவில்லை என்பது தெரியும்.

இப்போது மகன், மீன் வளர்க்கிறவர்களின் வாட்ஸப் குரூப்பில் படம் போட்டிருக்கிறான். இறாலுக்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு பேர். தொட்டி, மோட்டார், உப்பு, எல்லாவற்றுக்கும் கம்பெனி பேர். குகை எங்கே வாங்கியது என்று யாரோ கேட்டதற்கு மட்டும் "லோக்கல்" என்று ஒரே வார்த்தை.

தம்பி, இதைப் படிக்கிறாய் அல்லவா? இறால் செத்தபோது குகையைச் செய்தது அப்பா என்று வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னாய். உயிரோடு இருக்கும்போதும் அதையே சொல். அந்த "லோக்கல்" என்பதை அழித்துவிட்டு, என் பெயரை இனிஷியலோடு போடு.