அழாமல் ஒரு படம்

ராட்காவுக்கு ஊரில் நல்ல பெயர். பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் கரண்டியோடு வந்து நின்றால் போதும், அத்தனை பிள்ளைகளும் மூச்சுக் காட்டாமல் கீரைக் கடைசலை விழுங்கிவிடும். அவள் பெற்ற இரண்டு மட்டும் அவளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

அதற்குச் சாட்சி மாமியார் ஸ்தெனாவின் வீட்டுச் சுவர். ஒவ்வொரு டிசம்பரிலும் ஊர்ச் சதுக்கத்துக்குப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் மிக்குலாஷ் தாத்தா, ஒரு தேவதை, ஒரு பிசாசு என்று மூன்று பேர் வேஷம் கட்டி வருவார்கள். அவர்களோடு பேரப்பிள்ளைகள் நிற்கும் படம் அந்தச் சுவரில் ஏறும். மூத்த மருமகளின் பிள்ளைகள் கோயில் பொம்மை மாதிரிச் சிரிக்கும். ராட்காவின் மகன் வோய்தா ஒரு வருஷம் பனியில் புரண்டு அழுதான். அடுத்த வருஷம் மகள் அனெஷ்கா அலறிய அலறலில் தாத்தாவின் தாடி கையோடு வந்துவிட்டது.

"பாவம், அதுங்க என்ன பண்ணும்? வளர்ப்பு அப்படி" என்று வருகிறவர்களிடமெல்லாம் ஸ்தெனா உருகுவாள். உருக்கத்துக்கு அவளிடம் என்றைக்குமே பஞ்சம் கிடையாது.

பிள்ளைகள் ஏன் அழுகின்றன என்பது ராட்காவுக்கு விளங்காத மர்மம். பல் தேய்க்காவிட்டால், "பிசாசு வந்து சாக்குல அள்ளிட்டுப் போவான்!" காலுறை காணாவிட்டாலும் அதே பிசாசு, அதே சாக்கு. வருஷம் பூராவும் இப்படி வளர்த்துவிட்டு, டிசம்பரில் அதே பிசாசின் பக்கத்தில் நின்று சிரி என்றால் பிள்ளை சிரிக்க வேண்டாமா?

இந்த வருஷம் அழாமல் ஒரு படம் எடுத்தே தீருவது என்று வைராக்கியம் வந்துவிட்டது. பிசாசு வேஷம் கட்டும் கறிக்கடை போஹுஷிடம் போனாள்.

"அண்ணே, இந்தத் தடவை உறுமாதீங்க. சங்கிலியையும் ஆட்டாதீங்க."

"அப்புறம் எனக்கு எதுக்கும்மா கொம்பு?"

"எப்படியாவது பிள்ளைங்களைச் சிரிக்க வைங்க. உங்க பொறுப்பு."

"எப்படியாவதா?"

"எப்படியாவது!"

வீட்டுக்கு வந்து பிள்ளைகளையும் தேற்றினாள். "பிசாசு நல்லவங்களைத் தொடமாட்டான். கத்துறவங்களை, சிடுசிடுன்னு இருக்கிறவங்களைத்தான் பிடிப்பான். நீங்க தங்கமாச்சே!" பிள்ளைகள் யோசித்தன. தவளை தன் வாயால் கெடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தான் தவளை என்பதுதான் தெரியாது.

வேஷக்காரர்கள் வரும் நாளன்று மாலை சதுக்கத்தில் ஸ்தெனாவும் வந்து நின்றாள். "சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்" என்றாள். கணவன் கமில் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"வோய்தா, நிமிர்ந்து நில்லு! அனெஷ்கா, மூக்கைத் துடை! சிரிங்க! சிரிங்கன்னு சொல்றேன்ல!" ராட்கா போட்ட சத்தத்தில் சதுக்கமே திரும்பிப் பார்த்தது.

பிசாசு குனிந்து மெல்லக் கேட்டான்: "யாரைத் தூக்கிட்டுப் போகட்டும்?"

வோய்தாவின் உதடு பிதுங்கியது. அனெஷ்கா மட்டும் கேட்டாள்: "கத்துறவங்களைத்தானே பிடிப்பீங்க?"

"ஆமா பாப்பா."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு விரல்கள் ஒன்றாக நீண்டன. "அம்மாவை!"

அரைப் பன்றியை அலட்சியமாகத் தோளில் போடுகிற போஹுஷுக்கு ராட்கா ஒரு சுமையா? இடுப்புவரை சாக்கில் இறக்கி அலாக்காகத் தூக்கிவிட்டான். "எப்படியாவதுன்னு நீதானேம்மா சொன்னே!"

"நானா? நானா கத்துறேன்?" என்று ஊர் அதிரக் கத்தினாள் ராட்கா. பெற்ற பிள்ளைகளே காட்டிக்கொடுத்த அவமானத்தில் அவளுக்கு நிஜமாகவே அழுகை பொங்கிவிட்டது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. எதையும் நேரத்துக்குச் செய்தறியாத கமில் சரியாக அந்த நொடியில் படம் எடுத்தான்.

இப்போது சுவரின் நடுவில் அந்தப் படம்தான். வருகிறவர்கள் கேட்கிறார்கள்: "பிள்ளைங்க என்ன அழகாச் சிரிக்குதுங்க! நடுவுல அழுறது யாரு?"

"எங்க ராட்காதான்" என்று உருகுகிறாள் ஸ்தெனா. "பாவம், பிள்ளைங்க என்ன பண்ணும்? அதுங்களும் முடிஞ்ச மட்டும் அவளை வளர்த்துத்தான் பாக்குதுங்க."