முக்கு வரைக்கும்தான் வேன்

ஊர் நடுவே விவேக் நகரில் எங்கள் குடிசைகளை இடித்தவர்கள், ஊருக்கு வெளியே பொம்மசந்திராவுக்கும் அப்பால் ஒரு பொட்டலில் வரிசையாக வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, இனி உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. வீடு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பிழைப்பு பழைய இடத்திலேயே கிடந்தது. பாத்திரம் தேய்த்த வீடுகளுக்கு பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டம்மாக்கள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

அதனால் பெண்களெல்லாம் கார்மென்ட்ஸுக்குப் போனோம். நான் தையல் லைனில். என் நாத்தனார் செக்கிங்கில், தைத்து வரும் சட்டைகளில் பிசிறு வெட்டிக் குறை பார்க்கிற வேலை. கட்டினவன் விட்டுவிட்டு ஓடிப்போக, மகளோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஒற்றை அறையானாலும் வாடகைக்குப் பிடித்து, யார் முகத்தையும் பார்த்துச் சாப்பிடாமல் மகளோடு தனியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்காகவே அந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வேன் மெயின் ரோட்டு முக்கு வரைக்கும்தான் வரும். உள்ளே ரோடு சரியில்லை என்பார் டிரைவர். முக்கிலிருந்து வீடு வரை விளக்கில்லாத பாதை, நடுவில் ஒரு பிராந்திக் கடை. அங்கே நிற்கிற நாய்களுக்கு, நாயை எதற்குக் கேவலப்படுத்த வேண்டும், அந்த ஆம்பிளைகளுக்கு நாங்கள் வேலை விட்டு வரும் நேரம்தான் பொழுதுபோக்கு. முதலில் பேச்சு, அப்புறம் விசில், அப்புறம் கை. எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எந்தக் கம்பெனி வேனில் வந்தாலும், கடைசிப் பெண் வந்து இறங்கும் வரை யாரும் முக்கை விட்டு நகரக் கூடாது. கைகோத்துக் கும்பலாக நடப்போம். அப்போதும் ஓரத்தில் நடக்கிறவள் மேல் கை படத்தான் செய்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நடந்ததைப் பற்றி வீட்டில் மூச்சு விடுவதில்லை. விட்டால் அந்த ஆட்களை யாரும் கேட்கப் போவதில்லை, எங்களைத்தான் வேலையை விட்டு நிறுத்துவார்கள். கண் கலங்கியிருந்தால் கம்பெனித் தூசி, துணி கிழிந்திருந்தால் வேன் கதவு. ரொம்பக் கெட்டிக்காரிகள் என்று எங்களுக்கு நினைப்பு. ஆனால் வேனை உள்ளே அனுப்பச் சொல்லிக் கம்பெனியில் கேட்டபோது, இதுவரை ஒரு புகார்கூட வரவில்லையே என்றார்கள். வீடு கட்டிக் கொடுத்த ஆபீஸில் விளக்குக் கேட்டபோதும் இதே பதில்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்களுக்குப் பாதுகாப்பான பிழைப்பு என்று சமுதாயக் கூடத்தில் மீட்டிங் போட்டார்கள். வீடு கொடுத்த அந்த ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். புருஷன்மார், மாமியார்மார் எல்லாரையும் கூடவே உட்கார வைத்துக்கொண்டு, வேலைக்குப் போய்வருவதில் யாருக்காவது தொந்தரவு உண்டா என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். இப்படிக் கேட்டால் எவள் சொல்வாள்? அந்த மேடம் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தது அவருக்குப் பரம திருப்தி. அப்படியானால் விளக்கையும் வேனையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்தார்.

என் பக்கத்திலிருந்து நாத்தனார் எழுந்தாள்.

"எனக்கு இருக்கு மேடம். பிராந்திக் கட கிட்ட போன வாரம் என் ஜாக்கெட்டப் பிடிச்சுக் கிழிச்சாங்க. இங்க எல்லாருக்கும் நடந்திருக்கு, சொல்ல மாட்டாங்க. எனக்கு இந்த வேல வேணும். வேன உள்ள வரச் சொல்லுங்க."

மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் கணவர் தங்கையைப் பார்க்கவில்லை, சுற்றியிருந்த ஆண்களைத்தான் பார்த்தார். மேடம் வேறு வழியில்லாமல் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதமே விளக்குப் போட்டார்கள். ஆபீஸிலிருந்து கம்பெனிக்குச் சொல்ல, வேனும் எங்கள் வரிசை வரை வந்தது. மற்ற வீட்டு ஆண்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு, வாசலிலேயே ஏற்றி இறக்குகிறார்கள் என்றதும் அடங்கிப் போனார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கதை வேறு. ஊர் முன்னால் குடும்ப மானம் போய்விட்டதாம். கிழித்தவனால் போகாத மானம் சொன்னவளால் போய்விட்டதாம். இனி அவள் வேலைக்கென்று வாசப்படி தாண்டினால் மகளைத் தூக்கிக்கொண்டு அப்படியே போய்விட வேண்டியதுதான் என்றார் என் கணவர். நான் கத்தினேன். உலை வைக்க மாட்டேன் என்றேன். அவரோடு பேச்சையே நிறுத்தினேன். மனிதர் அசையவில்லை. நான் மட்டும் வேலைக்குப் போகலாமாம். நான்தான் கூட்டத்தில் எதுவும் சொல்லவில்லையே.

அந்த மேடம் நாத்தனாருக்கு ஊதுபத்தி உருட்டும் பலகை ஒன்றை அனுப்பி வைத்தார். வீட்டோடு செய்கிற பாதுகாப்பான பிழைப்பாம். நாள் முழுக்க உருட்டினாலும் அதில் வாடகைக்கு அறை பிடிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

தினமும் காலையில் வாசலில் ஹாரன் கேட்கும். ஊதுபத்திக் கரி அப்பிய கைகளோடு பலகை முன்னால் உட்கார்ந்திருப்பவள்தான் என்னை அவசரப்படுத்துவாள்.

"கெளம்புங்க அண்ணி, வேன் வந்துடுச்சு."

அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த வீட்டைக் கொளுத்திவிடலாம் போல இருக்கும் எனக்கு. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய் ஏறிக்கொள்வேன்.